சிக்மா குறியில் எழுதிய கூட்டலைக் கணக்கிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்தின் இறுதியில் சிறப்புத் தொடர்கள் வரும்போது மாணவர்கள் முதலில் செய்வது மூன்று சூத்திரங்களை மனப்பாடம் செய்வதுதான். தேர்வு அதோடு முடிந்துவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பிலோ கல்லூரியிலோ, கீழே 1 இல்லாமல் 7 என்று போட்ட ஒரு ∑ எதிரே வந்து நின்றால் கை நின்றுவிடுகிறது. இலங்கையில் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறவர்களுக்கும் இதே இடத்தில்தான் தடுமாற்றம். சூத்திரம் நினைவிருக்கிறது, குறியைப் படிக்கத் தெரியவில்லை. ஆகவே இந்த வழிகாட்டியை வாசிப்பிலிருந்தே தொடங்குகிறேன். சூத்திரங்கள் பிறகு வரும். வரும்போது அவை எங்கிருந்து வந்தன என்பதும் தெரியும்.

பாடநூல்களில் மாறிகள் ஆங்கிலச் சிற்றெழுத்துகளாக இருக்கும். இங்கே தமிழ் எழுத்துகளையே வைக்கிறேன்: ஓடும் எழுத்து க, மேல் எல்லை ந. ஓடும் எழுத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் விடை மாறாது. அது எண்ணி முடித்ததும் மறைந்துவிடுகிற எழுத்து. ∑ குறியின் கீழேயும் மேலேயும் எழுதப்படும் எல்லைகளை ஒரே வரியில் இப்படித் தருகிறேன்:

∑[க=1..5] (3க − 1)

விரித்து எழுதுங்கள்

மேலே உள்ளது ஒரு கட்டளை. க என்ற இடத்தில் 1 வை, வந்த எண்ணைக் குறித்துக்கொள், பிறகு 2, 3, 4, 5 வை, எல்லாவற்றையும் கூட்டு. அவ்வளவுதான்.

2 + 5 + 8 + 11 + 14 = 40

எந்தக் கணக்கானாலும் முதல் மூன்று உறுப்புகளையும் கடைசி உறுப்பையும் தாளில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ∑[க=3..6] க² என்றால் 9 + 16 + 25 + 36 = 86. ∑[க=1..4] (−1)^க · க (^ என்பது அடுக்கைக் குறிக்கும்) என்றால் −1 + 2 − 3 + 4 = 2. விரித்துப் பார்த்ததும் இரண்டாவதில் குறிகள் மாறி மாறி வருவது கண்ணுக்குத் தெரிகிறது. ∑ குறியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரியாது.

கணக்கு உலகில் இந்தக் குறி 1755இல் லெயோனார்டு ஆய்லரின் வகைநுண்கணித நூலில் வந்தது. கீழேயும் மேலேயும் எல்லைகளை எழுதும் வழக்கம் 1820 வாக்கில் ஃபூரியே தந்தது. அந்த எல்லைகள்தான் இன்று மாணவர்களை மிகுதியாகத் தவறவைக்கின்றன. அடுத்து அதைப் பார்ப்போம்.

எத்தனை உறுப்புகள்?

7ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி வரை தினமும் ஒரு பால் பாக்கெட் வாங்கினால் மொத்தம் எத்தனை? 20 − 7 = 13 என்று சொல்லிவிடத் தோன்றும். பால்காரர் 14க்குத்தான் காசு கேட்பார். அவர் கணக்கு சரி. 7ஆம் தேதியும் சேர்த்தி. ம முதல் ந வரை எண்ணினால்,

உறுப்புகளின் எண்ணிக்கை = ந − ம + 1

ஆகவே ∑[க=7..20] 5 என்பது 14 × 5 = 70. விடைத்தாள்களில் 65 என்ற விடையை நான் பார்த்த தடவைகளுக்குக் கணக்கில்லை. மேல் எல்லை ந ஆகவும் கீழ் எல்லை 0 ஆகவும் இருந்தால் உறுப்புகள் ந + 1. இதையும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பெருக்குத் தொடரில் மீண்டும் தேவைப்படும்.

‘உள்ளே க இல்லையே, எதைக் கூட்டுவது?’ என்று சிலர் கேட்பார்கள். க மாறினாலும் மாறாமல் 5 மட்டுமே வருகிறது, அதனால் ஐந்தைப் பதினான்கு தடவை கூட்டுகிறோம்.

பிரிக்கலாம், வெளியே எடுக்கலாம். பெருக்கத்தைப் பிரிக்க முடியாது

கூட்டலை எந்த வரிசையில் செய்தாலும் விடை ஒன்றே. அந்த எளிய உண்மையிலிருந்து இரண்டு உரிமைகள் கிடைக்கின்றன. கூட்டல், கழித்தலில் இணைந்தவற்றைத் தனித்தனி ∑ ஆகப் பிரிக்கலாம். கவோடு தொடர்பில்லாத பெருக்கெண்ணை வெளியே எடுக்கலாம்.

∑ (3க² − 2க + 4) = 3 ∑ க² − 2 ∑ க + ∑ 4

இதற்கு மேல் உரிமை கிடையாது. க × க ஐக் கூட்டுவதற்குப் பதிலாக ∑ க ஐயும் ∑ க ஐயும் பெருக்கினால் என்ன ஆகும்? க = 1, 2 என்று இரண்டே உறுப்புகளை எடுங்கள். உண்மையான விடை 1 + 4 = 5. தவறான வழியில் 3 × 3 = 9. வகுத்தலுக்கும் வர்க்கமூலத்துக்கும் இதே தடை உண்டு.

அடைப்புக்குறியையும் கவனிக்க வேண்டும். ∑[க=1..4] (க + 3) என்பது 4 + 5 + 6 + 7 = 22. அடைப்பு இல்லாமல் ∑[க=1..4] க + 3 என்று எழுதினால், கூட்டி முடித்த பிறகு ஒரே ஒரு 3 சேரும்; விடை 13. நீங்களே எழுதும்போது அடைப்பை விடாதீர்கள்.

மூன்று சூத்திரங்கள், அவற்றின் பிறப்பு

∑[க=1..ந] க = ந(ந + 1)/2

∑[க=1..ந] க² = ந(ந + 1)(2ந + 1)/6

∑[க=1..ந] க³ = [ந(ந + 1)/2]²

இவை புதியவை அல்ல. கி.பி. 499 வாக்கில் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில், உறுப்புகளின் எண்ணிக்கை, அதோடு ஒன்று கூட்டியது, அந்தக் கூட்டுத்தொகையோடு எண்ணிக்கையைக் கூட்டியது ஆகிய மூன்றையும் பெருக்கி ஆறால் வகுத்தால் வர்க்கங்களின் கூடுதல் கிடைக்கும் என்றும், எண்களின் கூடுதலை வர்க்கமாக்கினால் கனங்களின் கூடுதல் கிடைக்கும் என்றும் ஒரே செய்யுளில் சொல்லப்படுகிறது. குறியீடு இல்லாத காலத்தில் வாய்மொழியாகவே! சுமார் ஆயிரம் ஆண்டுகள் கழித்துக் கேரளத்தின் நீலகண்ட சோமயாஜி ஆரியபட்டீயத்துக்கு எழுதிய விரிவுரையில், துண்டுகளை அடுக்கிக் காட்டும் வடிவ விளக்கங்களோடு இவற்றை நிறுவினார்.

நாம் வேறு வழியில் போவோம். இது ஒரே உத்தி; இதைப் பிடித்துக்கொண்டால் இந்த வழிகாட்டியில் பாதி முடிந்துவிடும்.

அடுத்தடுத்த வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பாருங்கள்:

(க + 1)² − க² = 2க + 1

க = 1 முதல் ந வரை இருபுறமும் கூட்டுங்கள். இடப்புறம் விரித்தால்,

(2² − 1²) + (3² − 2²) + (4² − 3²) + … + [(ந + 1)² − ந²]

2² ஒருமுறை கூட்டலாக வருகிறது, ஒருமுறை கழித்தலாக வருகிறது, போய்விட்டது. 3² அப்படியே போகிறது. நடுவில் இருப்பவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைய, கடைசியில் நிற்பது (ந + 1)² − 1 மட்டும். வலப்புறம் 2∑க + ந. ஆகவே,

2∑க = (ந + 1)² − 1 − ந = ந² + ந

முதல் சூத்திரம் வந்துவிட்டது. இரண்டாவதற்கு ஒரு படி மேலே ஏறுங்கள்: (க + 1)³ − க³ = 3க² + 3க + 1. கூட்டினால்,

(ந + 1)³ − 1 = 3∑க² + 3ந(ந + 1)/2 + ந

3∑க² = (ந + 1)³ − (ந + 1) − 3ந(ந + 1)/2

(ந + 1) ஐப் பொதுவாக வெளியே எடுத்தால் உள்ளே ந² + 2ந − 3ந/2, அதாவது ந(ந + ½) மிஞ்சும். மூன்றால் வகுத்து ஒழுங்குபடுத்தினால் ந(ந + 1)(2ந + 1)/6. கனத்துக்கு நான்காம் அடுக்கின் வித்தியாசத்தை எடுக்க வேண்டும். ஒருமுறையாவது நீங்களே தாளில் செய்து பாருங்கள். தேர்வறையில் சூத்திரம் மறந்தாலும் ஐந்து நிமிடத்தில் மீட்டுவிடலாம் என்ற தைரியம் அதற்குப் பிறகு வரும்.

இப்போது முழுக் கணக்கு ஒன்று:

∑[க=1..20] (3க² − 2க + 4)

∑க² = 20 × 21 × 41 / 6 = 2870. ∑க = 20 × 21 / 2 = 210. ∑4 = 80.

3 × 2870 − 2 × 210 + 80 = 8610 − 420 + 80 = 8270

கடைசி உறுப்பான 4ஐ ஒரே ஒரு 4 என்று எடுத்துக்கொண்டு 8194 எழுதுகிறவர்கள் நிறைய. 20 தடவை வருகிறது, மறக்க வேண்டாம்.

கீழ் எல்லை 1 இல்லாதபோது

இரண்டு வழிகள். ஒன்று, முழுவதையும் எடுத்து வேண்டாததைக் கழிப்பது. ∑[க=11..30] க² வேண்டுமா? 1 முதல் 30 வரை கூட்டி, 1 முதல் 10 வரை உள்ளதைக் கழியுங்கள்.

30 × 31 × 61 / 6 = 9455

10 × 11 × 21 / 6 = 385

9455 − 385 = 9070

கழிக்க வேண்டியது 10 வரை. 11 வரை அல்ல. 11² நமக்கு வேண்டும். தவறுதலாக 11 வரை கழித்தால் 8949 வரும். அது 121 குறைவு. எங்கே தவறு என்பதை அந்த 121ஏ சொல்லிவிடும்.

மற்றொன்று, எண்ணும் இடத்தை நகர்த்துவது. ∑[க=5..24] (க − 4)³ என்பதைக் கனமாக விரித்துப் பெருக்கிக்கொண்டு உட்காருவது வீண் வேலை. ப = க − 4 என்று வையுங்கள். க = 5 ஆனால் ப = 1; க = 24 ஆனால் ப = 20. கணக்கு ∑[ப=1..20] ப³ ஆக மாறுகிறது; விடை 210² = 44,100. எழுத்தை மாற்றும்போது மூன்று இடங்களையும் மாற்றினீர்களா என்று பாருங்கள்: கீழ் எல்லை, மேல் எல்லை, உள்ளே இருக்கும் கோவை. ஒன்று விடுபட்டாலும் கணக்கு வேறு கணக்காகிவிடும்.

க அடுக்கில் ஏறினால்

2^க, 3^க போன்றவை வரும்போது மேலே உள்ள சூத்திரங்கள் எதுவும் உதவாது. அது பெருக்குத் தொடர். பொது விகிதம் ர என்று வைத்து,

த = 1 + ர + ர² + … + ர^ந

ர ஆல் பெருக்கினால் எல்லா உறுப்புகளும் ஓரிடம் தள்ளி நிற்கும். கழித்தால் நடுவில் உள்ளவை மறையும்:

ர·த − த = ர^(ந+1) − 1

த = (ர^(ந+1) − 1)/(ர − 1), ர = 1 இல்லாதபோது

மீண்டும் அதே காட்சி: நடுவில் இருப்பவை மறைகின்றன, ஓரங்கள் மிஞ்சுகின்றன. ∑[க=0..9] 2^க = 1023. தொடக்கம் 1 ஆக இருந்தால் முதல் உறுப்பை வெளியே எடுத்துவிடுங்கள்: ∑[க=1..8] 3·2^க = 3 × (2⁹ − 2) = 3 × 510 = 1530.

இது அன்றாடத்தில் தொடர்வைப்புக் கணக்கில் வருகிறது. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் 1000 ரூபாய், மாதம் 0.5 சதவீதக் கூட்டுவட்டி, 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் போட்ட பணம் 12 தடவை வளர்கிறது, கடைசி மாதப் பணம் ஒரு தடவை. ஆக மொத்தம் 1000 × ∑[க=1..12] 1.005^க. சூத்திரத்தில் வைத்தால் 1000 × 1.005 × (1.005¹² − 1)/0.005, ஏறக்குறைய 12,397 ரூபாய். வங்கிகள் வட்டியைச் சேர்க்கும் கால இடைவெளி வேறாக இருக்கலாம். அப்போது ரவும் அடுக்கும் மாறும், உத்தி மாறாது.

க·2^க போன்ற கலப்புக்கும் இதே தள்ளிக் கழிக்கும் வழிதான். த = ∑[க=1..ந] க·2^க என்று வைத்து 2த − த எடுத்தால் ந·2^(ந+1) − (2 + 4 + … + 2^ந) கிடைக்கும். அடைப்பில் உள்ளது 2^(ந+1) − 2. எனவே த = (ந − 1)·2^(ந+1) + 2. ந = 3 வைத்துச் சோதியுங்கள்: 2 + 8 + 24 = 34; சூத்திரத்தில் 2 × 16 + 2 = 34.

எல்லாவற்றுக்கும் தாய்: வித்தியாசமாக எழுதுவது

இதுவரை இரண்டு தடவை நடந்ததை இப்போது வெளிப்படையாகச் சொல்லலாம். ஓர் உறுப்பை ‘அடுத்தது கழித்தல் இப்போதையது’ என்ற வடிவில் எழுத முடிந்தால் கூட்டல் முடிந்துவிட்டது. பழைய கப்பல் தொலைநோக்கியின் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிச் சுருங்குவதைப் போல நீண்ட தொடர் இரு முனைகளாகச் சுருங்கிவிடும். கணிதத்தில் என்னை மிகவும் மகிழ்விக்கும் காட்சிகளில் இது ஒன்று. எத்தனை தடவை செய்தாலும் சலிப்பதில்லை.

1/(க(க + 1)) = 1/க − 1/(க + 1)

∑[க=1..99] 1/(க(க + 1)) = 1 − 1/100 = 99/100

தொண்ணூற்றொன்பது பின்னங்களைப் பொதுப் பகுதி கண்டுபிடித்துக் கூட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

இடைவெளி இரண்டானால் சற்றுக் கவனம் வேண்டும். 1/(க(க + 2)) = ½ [1/க − 1/(க + 2)]. இங்கே ஓர் உறுப்பின் கழித்தல் பகுதி அடுத்த உறுப்பில் மறையாது. அதற்கும் அடுத்த உறுப்பில்தான் மறையும். அதனால் தொடக்கத்தில் இரண்டும் முடிவில் இரண்டும் மிஞ்சும்:

∑[க=1..ந] 1/(க(க + 2)) = ½ [1 + ½ − 1/(ந + 1) − 1/(ந + 2)]

ந = 10 என்றால் ½ [3/2 − 1/11 − 1/12] = 175/264. இந்த வகையில் முதல் மூன்று வரிகளையும் கடைசி இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மறைபவற்றைப் பென்சிலால் அடித்துக் காட்டுங்கள். மனத்துக்குள்ளேயே அடித்தால் ஓர் உறுப்பு தவறிப்போகும்.

பின்னங்களில் மட்டும்தான் இது நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 1/(√(க + 1) + √க) என்பதன் பகுதியை விகிதமுறு எண்ணாக்கினால் √(க + 1) − √க. க = 1 முதல் 99 வரை கூட்டினால் √100 − √1 = 9. காரணியப் பெருக்கத்தில் (க! = 1 × 2 × … × க) க·க! = (க + 1)! − க! என்பதால் ∑[க=1..ந] க·க! = (ந + 1)! − 1. மூன்று உறுப்புகளைக் கூட்டிப் பாருங்கள்: 1 + 4 + 18 = 23 = 4! − 1.

∑ உள்ளே ∑

உள்ளே இருப்பதை முதலில் முடியுங்கள். அப்போது வெளியே உள்ள எழுத்து ஒரு நிலையான எண் போல நிற்கும்.

∑[க=1..ந] ∑[ப=1..க] ப = ∑[க=1..ந] க(க + 1)/2 = ந(ந + 1)(ந + 2)/6

பழக்கடையில் ஆரஞ்சுகளை முக்கோண அடித்தளத்தில் கூம்பாக அடுக்கியிருப்பார்களே, அந்த அடுக்கில் இருக்கும் பழங்களின் எண்ணிக்கை இதுதான்: உச்சியில் 1, அடுத்து 3, பிறகு 6, 10. நான்கு அடுக்குக்கு 4 × 5 × 6 / 6 = 20. ஆரியபட்டரும் இதை அடுக்கின் கணக்காகவே சொல்கிறார். [(ந + 1)³ − (ந + 1)]/6 என்ற இன்னொரு வடிவத்தையும் தருகிறார்.

உள்ளே உள்ள ∑இன் மேல் எல்லை வெளி எழுத்தைச் சார்ந்திருந்தால், வரிசையை மாற்றும்போது எல்லைகளை அப்படியே இடம் மாற்றிவிடக் கூடாது. இந்தக் கணக்கில் ஒரு குறிப்பிட்ட ப எத்தனை தடவை வருகிறது? க = ப முதல் க = ந வரை, அதாவது ந − ப + 1 தடவை. ஆகவே மாற்றிய வடிவம் ∑[ப=1..ந] ப(ந − ப + 1). முக்கோணமாகப் புள்ளிகளை வரைந்து, முதலில் வரிவரியாகவும் பிறகு நெடுக்காகவும் எண்ணிப் பாருங்கள், விளங்கிவிடும்.

விடையைச் சோதித்தல்

பொதுச் சூத்திரம் வந்தால் ந = 1, ந = 2 இரண்டையும் வைத்துப் பாருங்கள். 1 மட்டும் போதாது. பல தவறான சூத்திரங்கள் 1க்குச் சரியாக வந்துவிடும். மேலே பார்த்த 3க² − 2க + 4 கணக்கில் இரண்டு உறுப்புகள் 5 + 12 = 17; சூத்திரங்கள் வழியாக 15 − 6 + 8 = 17.

எண் விடையானால் அளவைப் பாருங்கள். ∑க² பெரிய ‘ந’வுக்கு ந³/3ஐ ஒட்டி, சற்று மேலே இருக்கும். ந = 30க்கு 9000; நமக்கு வந்தது 9455. ஒரு வேளை 94,550 வந்திருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

எல்லாக் கூட்டலுக்கும் சுருக்கமான சூத்திரம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ∑[க=1..ந] 1/க பார்க்க மிக எளிமையானது, ஆனால் மேலே கண்டவை போன்ற சூத்திரம் அதற்குக் கிடையாது. பத்து உறுப்புகள் வேண்டுமென்றால் கூட்டித்தான் ஆக வேண்டும்: 7381/2520.

செய்து பார்க்க

அ) ∑[க=1..15] (2க − 1)²

ஆ) ∑[க=6..20] க(க + 1)

இ) ∑[க=1..50] 1/((2க − 1)(2க + 1))

ஈ) ∑[க=0..7] (−2)^க

விடைகள்: 4495, 3010, 50/101, −85. (ஆ) கணக்கை விரித்து ∑க², ∑க என்று பிரித்தும் செய்யலாம். ஆனால் க(க + 1) என்பதை க(க + 1)(க + 2) கழித்தல் (க − 1)க(க + 1) என்பதன் மூன்றில் ஒரு பங்காக எழுதிப் பாருங்கள். இரண்டே வரியில் (20 × 21 × 22 − 5 × 6 × 7)/3 என்று வந்து நிற்கும்.